மண்டபம் எடுப்பதற்கு முன்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் ஆய்வு மாநாட்டைக் கொழும்பில் வைப்பதா, யாழ்ப்பாணத்தில் வைப்பதா, ஒலுவிலிலா, இல்லை நம்முடைய காரைதீவிலேயே வைப்பதா என்று என்னிடம் கேட்க வந்தீர்கள். நீங்கள் கொண்டுவந்த தாளில் இருந்த கேள்விகள் எல்லாம் தேவையானவைதான். எத்தனை பேர் இருக்கலாம், சாப்பாட்டுக்கு என்ன முடியும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, கட்டுநாயக்காவில் இறங்குகிறவர் எத்தனை மணித்தியாலத்தில் வந்து சேருவார் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். ஒரு கேள்வியை மட்டும் காணவில்லை. இந்த ஊருக்கு யாரால் வர ஏலாது? வந்தாலும் யாரால் அங்கே தலைநிமிர்ந்து, பயமில்லாமல் நடமாட ஏலாது? அன்றைக்குப் பேச நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கட்டுரை வாசிக்கத்தானே போகிறோம், ஊரின் அரசியல் நமக்கெதற்கு என்று உங்களில் ஒரு தம்பி கேட்டார். நேர்மையாகத்தான் கேட்டார். ஆனால் தமிழாராய்ச்சியின் வரலாற்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 ஜனவரியில் புதுடில்லியில் உருவானது. கீழைத்தேயவியல் மாநாட்டுக்கு வந்த அறிஞர்களைச் சேர்த்துக்கொண்டு அதற்கு முன்னின்றவர் நம் நாட்டவரான தனிநாயகம் அடிகள். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968இல் சென்னையிலும், மூன்றாவது 1970இல் பாரிஸிலும் நடந்தன. நான்காவது இலங்கைக்கு என்று முடிவானதும் எந்த ஊரில் என்ற பிரச்சினை எழுந்தது. கொழும்பில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபம் 1973இல்தான் திறக்கப்பட்டிருந்தது. அரசாங்கம் கொழும்பை விரும்பியது. இங்கே ஏற்பாட்டாளர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். கொழும்புதான் வேண்டும் என்றவர்கள் விலகிக்கொள்ள, நம் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோன பேராசிரியர் சு. வித்தியானந்தன் பொறுப்பை ஏற்றார். ஊர் யாழ்ப்பாணம் என்று முடிவானது.

அது இட வசதிக்காக எடுத்த முடிவு இல்லை, பிள்ளைகளே. 1972 அரசியலமைப்பு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக எழுதிவிட்டது. சிறுபான்மையினருக்குச் சோல்பரி அரசியலமைப்பில் இருந்த 29ஆம் பிரிவின் பாதுகாப்பும் இல்லாமல் போனது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, நான் படிப்பித்த பிள்ளைகள் புள்ளித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுத காலம் அது. அந்த நேரத்தில் உலகத்து அறிஞர்களைத் தலைநகரின் புதிய மண்டபத்தில் இருத்தி, இங்கே தமிழ் எவ்வளவு செழிப்பாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டுவதா? தமிழைப் பேசி வாழ்கிற சனங்களின் முற்றத்துக்கு அவர்களைக் கூட்டிப்போவதா? ஏற்பாட்டாளர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். அவர்கள் எடுத்தது சரியான முடிவு என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகு நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழகத்திலிருந்து வர இருந்த சிலருக்கு விசா கிடைக்கவில்லை. 1974 ஜனவரி 10ஆம் திகதி கடைசி நாள் பொதுக்கூட்டம். திறந்தவெளி அரங்கு கிடைக்காமல் போனதால் வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் மேடை போட்டார்கள். தெருவெல்லாம் சனம், பாய் விரித்து இருந்த குடும்பங்கள், தோளில் குழந்தைகள். திருச்சியிலிருந்து வந்த பேராசிரியர் நைனா முகம்மது பேசிக்கொண்டிருந்தார். தமிழைப் பற்றி ஒரு முஸ்லிம் அறிஞர் பேச, யாழ்ப்பாணத்துச் சனம் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள்தான் பொலிசார் புகுந்தார்கள். கண்ணீர்ப்புகை அடித்தார்கள், சுட்டார்கள். மேலே போன மின்கம்பி அறுந்து சனத்தின் மேல் விழுந்தது. ஒன்பது பேர் போனார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதியரசர்கள் ஓ. எல். டி கிரெட்சர், வி. மாணிக்கவாசகர், பேராயர் சபாபதி குலேந்திரன் மூவரும் பொதுமக்கள் சார்பில் விசாரித்து, தவறு பொலிசார் பக்கம்தான் என்று எழுதிவைத்தார்கள்.

கொழும்பில் வைத்திருந்தால் அந்த ஒன்பது உயிரும் போயிருக்காது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நான் அதை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லை. சுட்டவன் இருக்க, ஊரைத் தெரிவு செய்தவனை எப்படிக் குற்றவாளி ஆக்குவது? ஆனால் உங்களைப் போல ஏற்பாடு செய்கிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். ஒடுக்கப்படுகிற சனத்தின் ஊருக்குப் போவது நியாயமான தெரிவு என்றால், அங்கே வந்து கூடுகிற கடைசி மனிதனின் உயிருக்கும் சேர்த்துத்தான் நாம் யோசிக்க வேண்டும். ஒலிபெருக்கி அனுமதி, மேடை போடும் இடம், சனம் கலைந்துபோக எத்தனை வழி, இவற்றைச் சின்ன வேலை என்று யாரிடமும் தள்ளிவிடாதீர்கள்.

யாழ்ப்பாணம் என்றதும் அது குற்றமில்லாத ஊர் என்றும் எண்ண வேண்டாம். 1974க்கு ஆறு வருடம் முன்புதான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிட உரிமை கேட்டுத் தாழ்த்தப்பட்ட சனம் நின்றது. 1990 அக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது விடுதலைப் புலிகள் இயக்கம். உடுத்த துணியோடு போனார்கள். ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை நினைத்துப் பாருங்கள். பிறந்தது வண்ணார்பண்ணை. 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து, நம் விபுலானந்த அடிகளோடு நட்பாகி, இந்தப் பகுதி முஸ்லிம் பிள்ளைகளின் படிப்புக்கு வழிசெய்தவர். 1973 நவம்பரில் காலமானார். அவர் பிறந்த ஊரிலே 1990க்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் எவ்வளவு பெரிய தமிழ் விழா வைத்திருந்தாலும், அவருடைய சொந்தக்காரர்கள் போய் ஒரு கதிரையில் இருந்திருக்க முடியாது. அப்படி ஒரு மேடையில் நின்று, தமிழர் எல்லோரும் கூடியிருக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டையும் விடவில்லை. 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. இராசராசன் கட்டிய கோயில் இருக்கும் ஊர், தமிழுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். அந்த ஊருக்குப் போன பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியை, இலங்கைத் தமிழர் என்பதற்காகத் திருப்பி அனுப்பினார்கள். தமிழ் இலக்கிய வரலாற்றைத் தன் வாழ்நாள் வேலையாகச் செய்தவருக்குத் தமிழ் மாநாட்டில் இடமில்லை. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மொழி ஒன்று, எழுத்து ஒன்று, பெயர்ப்பலகை எல்லாம் தமிழ் என்பதற்காக அங்கே எல்லோருக்கும் உரிமை இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2010இல் கோயம்புத்தூரில் செம்மொழி மாநாட்டை ஏற்பாடு செய்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்த நொபோரு கராஷிமா, ஆய்வு மாநாட்டுக்குப் போதிய அவகாசம் வேண்டும் என்று கேட்டு உறுதியாக நின்றார். அரசு தன் மாநாட்டைத் தனியாக நடத்திக்கொண்டது. யாருடைய பணத்தில், யாருடைய வசதிக்காக நாள் குறிக்கிறோம் என்பதை ஒரு ஜப்பானியர் நமக்கு ஞாபகப்படுத்த வேண்டி இருந்தது.

கொழும்பைப் பற்றி இப்போது. உங்களில் பாதிப்பேர் கொழும்பு என்றீர்கள். ஹோட்டல் உண்டு, விமான நிலையம் பக்கம், எந்த ஊரிலிருந்தும் பஸ் உண்டு. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள், தெரிந்திருக்காது. போர்க்காலத்தில் நம் பக்கத்து ஆள் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போவதென்றால் ஆய்வுக்கட்டுரையை எடுத்து வைப்பதற்கு முன் கிராம சேவகரின் கடிதத்தை எடுத்து வைக்க வேண்டும். வெள்ளவத்தையில் லொட்ஜில் அறை எடுத்தால் அன்றைக்கே பொலிசில் பதிய வேண்டும். படிவத்தில் எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்டிருக்கும். ஏன் வந்தாய் என்ற இடத்தில் “இலக்கியக் கருத்தரங்கு” என்று எழுதினால் அதை வாங்கிப் பார்க்கிறவர் தலையை நிமிர்த்தி ஒருமுறை நம் முகத்தைப் பார்ப்பார். இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால், அடையாள அட்டையைத் தேடி எடுக்கும்வரை கை நடுங்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்களும், வெளிநாட்டுப் பயணத்துக்கு விசா வேலையாக நின்றவர்களும் அதற்குள் அகப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அந்தக் கிழமை கொழும்பில் ஒரு தேசிய ஆய்வு மாநாடு இருந்திருந்தால், அழைப்பிதழில் எல்லோரும் வருக என்றுதான் அச்சடித்திருப்பார்கள்.

இன்றைக்கு அந்தப் பதிவு இல்லை, கொழும்பு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்வீர்கள். பெரும்பாலும் சரி. ஆனால் 2019ஐ மறந்துவிடாதீர்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு அவசரகாலச் சட்டத்தில் முகத்திரையைத் தடை செய்தார்கள். சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டு வெடித்த இரவு காரைதீவில் இருந்த நமக்கும் நிலம் அதிர்ந்தது. அதன் பிறகு மாதக்கணக்காக, முகத்தை மூடாத, அபாயா மட்டும் போட்ட நம் பக்கத்து ஆசிரியைகளையும் அலுவலக வாசல்களில் மறித்தார்கள். அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? அந்த மாதங்களில் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கருத்தரங்கு வைத்தவர்கள், வாசலில் இருக்கும் காவலாளி நம் பேச்சாளரை எப்படி நடத்துவான் என்று முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டும்.

வாசலைப் பற்றிக் கேட்பது மிகையல்ல. அமெரிக்காவில் வரலாற்றாசிரியர் சங்கம் ஒன்று 2000ஆம் ஆண்டு மாநாட்டுக்கு செயின்ட் லூயிஸ் நகரில் அடம்ஸ் மார்க் என்ற ஹோட்டலைப் பேசி ஒப்பந்தமும் போட்டிருந்தது. அதே நிறுவனத்தின் புளோரிடா ஹோட்டலில், முந்தைய வருடம் தங்கிய கறுப்பின விருந்தினரை மட்டும் கையில் செம்மஞ்சள் பட்டி கட்டிக்கொண்டு நடமாடச் சொன்னதாக வழக்கு வந்தது. அரசின் நீதித்துறையும் வழக்குப் போட்டது. சங்கத்தார் கூடிப் பேசி, அமர்வுகளை அந்த ஊரின் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார்கள். ஒப்பந்தத்தை மீறினால் பணம் போகும் என்று தெரிந்தும் செய்தார்கள். அடிமை முறையைப் பற்றியும் உரிமைப் போராட்டத்தைப் பற்றியும் கட்டுரை வாசிக்கிறவர்கள், அப்படியொரு பட்டியைக் கட்டச் சொன்ன நிறுவனத்துக்கே அறை வாடகை கட்டுவதா என்று அவர்களுக்கு உறுத்தியது. 2017 ஜனவரியில் ஏழு முஸ்லிம் நாடுகளிலிருந்து வருவதை அமெரிக்கா தடுத்தபோது, அந்த நாட்டில் சர்வதேச மாநாடு வைப்பது முறையா என்ற கேள்வியை உலகமெங்கும் ஆய்வாளர்கள் எழுப்பினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, உரிமை இல்லாத ஊருக்குப் போகவே கூடாது என்று ஒரு விதியை எழுதி மேசையில் ஒட்டிவிடாதீர்கள். அதுவும் பிழை. 2011 ஜனவரியில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் சர்வதேசத் தமிழ் எழுத்தாளர் மாநாடு நடந்தது. போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அங்கே யாரும் போகாதீர்கள், போனால் அரசாங்கத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்ததாகும் என்று தமிழகத்திலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் பெரிய எதிர்ப்பு வந்தது. அரசுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து அதற்கு உழைத்த முருகபூபதி அவர்களை எத்தனை பேர் திட்டினார்கள்! எதிர்த்தவர்களின் நெஞ்சில் இருந்த வலி பொய்யில்லை. முள்ளிவாய்க்காலை மறக்கச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. ஆனால் இங்கேயே இருந்து, குண்டுக்கும் கடலுக்கும் தப்பி, இங்கேயே எழுதிக்கொண்டிருந்த எங்களிடம், உங்களைப் பார்க்க நாங்கள் வரட்டுமா என்று அவர்கள் கேட்டார்களா? கேட்டிருந்தால் நாங்கள் ஒரே குரலில் பதில் சொல்லியிருக்க மாட்டோம், அது உண்மை. கேட்டுவிட்டுத் தீர்மானித்திருந்தால் அந்தத் தீர்மானத்துக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

2013 நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு நடந்தபோது கனடியப் பிரதமர் ஹார்ப்பர் வரவில்லை. மன்மோகன் சிங்கும் மொரிசியஸ் பிரதமரும் வரவில்லை. பிரித்தானியாவின் கமரோன் வந்தார், வந்து யாழ்ப்பாணத்துக்குப் போய் அகதி முகாமில் இருந்த சனத்தைப் பார்த்தார். வராதவர்களும் பேசினார்கள், வந்தவரும் பேசினார். வந்து, விருந்து சாப்பிட்டு, குழுப்படம் எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனவர்கள்தான் எனக்கு ஏமாற்றம் தந்தவர்கள். நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே வரமுடியாமல் போனவரின் பெயரை மேடையில் சொல்லும் துணிவோடு போங்கள்.

மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். அவர் எழுதிய ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதை நூல்தான் அவருக்கு எதிரான சாட்சி. வன்முறையைக் கண்டித்து எழுதிய கவிதைகளும் அந்த நூலில் இருக்கின்றன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த நாட்களில் இந்த நாட்டில் தமிழ்க் கவிதையைப் பற்றி எத்தனை கருத்தரங்குகள் நடந்திருக்கும்? எத்தனை மேடைகளில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள்? இந்தக் கேள்வியை உங்கள் குழுவிலும் வையுங்கள்.

நம் ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். காரைதீவு விபுலானந்த அடிகள் பிறந்த மண். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டே, மாலையானால் பக்கத்துச் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அவரது மணிமண்டபத்தில் மாநாடு வைத்தால் பொருத்தம் என்று உங்களில் இரண்டு பேர் சொன்னீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் நம் ஊர் என்பதால் அந்தக் கேள்வியிலிருந்து தப்பிவிட முடியாது. 1985 சித்திரையில் காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்களைச் சுட்டார்கள். அதன் பிறகு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், நடுவில் காரைதீவு என்ற இந்த நாலு மைலுக்குள் ஒரே பாடத்தைப் படிப்பித்த ஆசிரியர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகப் பயந்த காலம் இருந்தது.

அந்தக் காலத்தில் உயர்தரத் தமிழ்ப் பாட ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு வைக்க வேண்டியிருந்தது. ஏற்பாட்டுக்கு நின்றவர்களில் ஒருவர் நிந்தவூரைச் சேர்ந்த மூத்த ஆசிரியர், என்னைவிடப் பத்து வயது கூடியவர், நான் காக்கா என்று கூப்பிடுகிறவர். நல்ல மண்டபம் ஒன்று சும்மாவே கிடைத்தது. நாங்கள் சந்தோசப்பட்டோம். அவர் மட்டும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பக்கத்து ஆசிரியர் வீடுகளுக்கும் போய், “எந்த இடமெண்டா வருவீங்க? எத்தினை மணிக்கு முடிஞ்சா வீட்ட போய்ச் சேருவீங்க?” என்று கேட்டார். மண்டபம் எப்படி என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. திரும்பி வந்து சொன்னார்: “சேர், அந்த மண்டபத்துக்கு உள்ளொழுங்கையாலதான் போகணும். எங்கட ஆக்களும் வரமாட்டாங்க, உங்கட பொம்பிளை டீச்சர்மாரும் வரமாட்டாங்க. மெயின் ரோட்டில ஒரு இஸ்கூல எடுப்பம், லுஹருக்கு முதல் முடிப்பம்.” ஓடு உடைந்து வெயில் விழுகிற ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், காலை எட்டரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடித்தோம். இரண்டு பக்கத்து ஆசிரியர்களும் வந்தார்கள். பிள்ளை சுமந்த ஒரு டீச்சரும் வந்தார். உரிமை என்பதை நான் நூலில் படித்ததைவிட அந்தக் காக்காவின் சைக்கிளிடம் படித்தது கூட.

ஒலுவில் பல்கலைக்கழகம் வந்த கதையும் இதே கேள்வியிலிருந்து வந்ததுதான். போருக்கு நடுவில் வந்தாறுமூலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போக ஏலாமல் நின்ற முஸ்லிம் மாணவர்களுக்காக 1995இல் அட்டாளைச்சேனையில் ஒரு மூலையில் அதைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அங்கே சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சின்ன ஊரில் ஆய்வு மாநாடு எடுபடாது என்று யாராவது சொன்னால் மருதமுனையைச் சொல்லுங்கள். கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த அதே 1966இல், தறிச்சத்தம் கேட்கும் அந்த ஊரில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு நடந்தது.

ஆகவே உங்கள் குழுவுக்கு என் வேண்டுகோள் இது. முற்பணம் கட்டுவதற்கு முன் ஒரு கிழமை எடுங்கள். மன்னாரிலிருந்து வருகிறவருக்கும், அட்டனிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிற மலையகத்துத் தங்கச்சிக்கும், சக்கர நாற்காலியில் வருகிற உங்கள் விரிவுரையாளருக்கும், சிங்களத்தில் எழுதித் தமிழில் வாசிக்க விரும்புகிற களனி நண்பருக்கும் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு விரல் தூக்கியவர்களை எண்ணாதீர்கள். பயப்படுகிறவர் குழுவில் எழுத மாட்டார், தனியாகக் கேட்டால்தான் சொல்வார். காரைதீவு என்றால் நிந்தவூரிலும் மாளிகைக்காட்டிலும் போய்க் கேளுங்கள். நிந்தவூர் என்றால் காரைதீவில் வந்து கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் கண்ணகி அம்மன் குளிர்த்தி நாட்களையும் பார்த்துத் திகதி வையுங்கள். அனுசரணை தருகிற நிறுவனம் வாசலில் யாரை மறிக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள், இருந்து பார்ப்போம். நான் பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன்.